பஞ்சர் ஆகாத டயர்

தோலைத் தொட்டு ரகம் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. நாகல்கேணியில் ஒரு தோல் கம்பெனியில் இருபத்தாறு வருஷம். ஆட்டுத் தோலை மேஜைமேல் விரித்துப் போடுவார்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே வருவேன். ஆடு உயிரோடு இருந்தபோது வேலி முள்ளில் உரசிய கீறல், உண்ணி கடித்த பொட்டு, உரித்தவன் கத்தி வழுக்கிய இடம், எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். முதல் ரகம், இரண்டாம் ரகம், கழிவு என்று மூன்று அடுக்காகப் போட்டுக்கொண்டே போவேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் படித்த சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். "அந்தம்மா தொட்டுச் சொன்னா மாத்திப் பேசாதீங்க" என்று மற்றவர்களிடம் சொல்வார். அந்தப் பெருமை எனக்கு உண்டு. காய்கறி, துணி, பாத்திரம், எதிலும் யாரும் என்னை ஏமாற்றியது கிடையாது.

எங்கள் வீடு அனகாபுத்தூரில், ஆற்றுப் பக்கமாக இறங்கும் சந்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்த பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்றார். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அப்பார்ட்மெண்ட்டில் வேலை கிடைத்தது. தண்ணீர் மோட்டார் போடுவது, செடிகளுக்கு ஊற்றுவது, குப்பையைப் பிரித்து வைப்பது. சைக்கிளில்தான் போய் வருவார். பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை, அப்புறம் ரயில் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம். பஸ்ஸில் போகச் சொன்னால் கேட்க மாட்டார்.

"பஸ்ல போறவன் பஸ்காரன் டைமுக்குப் போறான். நான் என் டைமுக்குப் போறேன்மே" என்பார்.

காலை ஐந்தரைக்குக் கிளம்புவார். மதியம் ஒன்றரைக்கு வாசலில் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் நான் அப்பளத்தை எண்ணெயில் போடுவேன். எத்தனையோ வருஷம் அப்படி ஓடியது. அப்பளம் ஆறியதே கிடையாது.

பொங்கலுக்குப் பிறகு அது தப்ப ஆரம்பித்தது. ஒரு நாள் இரண்டரை, ஒரு நாள் மூன்றரை. வாரத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை.

"இன்னாங்க, மணி மூணு ஆவுது?"

"பஞ்சர்மே."

"முந்தாநேத்துதானே பஞ்சரு?"

"ரோட்ட பாத்துகிறியா நீ? ஆணியும் முள்ளுமா கீது. நான் இன்னா பண்றது? பறந்தா வர முடியும்?"

அவர் சொன்னதும் நம்பும்படியாகத்தான் இருந்தது. எங்கள் பக்கம் ஆற்றோரம் முழுக்க வேலிகாத்தான். வெட்டுகிறவர்கள் முள்ளை ரோட்டோடு இழுத்துக்கொண்டு போவார்கள். பம்மலில் வீடு இடித்துக் கட்டாத தெரு இல்லை. லாரியிலிருந்து ஆணியும் கண்ணாடியும் கொட்டிக்கொண்டே போகும். சைக்கிள் டயரும் பழசு. நடுவில் தரையைப் பிடிக்கிற பட்டன் எல்லாம் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. நான் டயர்மேல் பழியைப் போட்டேன்.

எங்களுக்கு ஒரே பெண். சேலையூரில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், அவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா என்னை அத்தை பேர் சொல்லிக் கூப்பிடுறார்மா. ரெண்டு தடவை."

"உன் புள்ளைங்க பேரை நீ மாத்திக் கூப்பிடறதில்லியா?"

"இது அந்த மாதிரி இல்லம்மா. ஒரு டாக்டரைப் பாத்துடலாமே."

"உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. டயர்தான் தேஞ்சி போயிருக்கு" என்றேன்.

அவள் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டாள்.

ஒரு நாள் மதியம் அவர் தூங்கும்போது சைக்கிளைச் சந்தில் சாய்த்து, இரண்டு கரண்டிக் காம்பை விட்டு நெம்பி டயரைக் கழற்றினேன். ட்யூபுக்குக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, ஒரு சுற்று முழுக்கப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. ஏழு ஒட்டு இருந்தது. ஏழும் பழைய ஒட்டு, ஓரம் கறுத்து ட்யூபோடு ட்யூபாக ஒட்டிப்போனவை. டயரின் உள்பக்கம் விரலை விட்டு ஓட்டினேன். முள் ஏறிய இடம் புதிதாக ஒன்று கூட இல்லை. மூன்று மாதத்தில் இருபது பஞ்சராவது சொல்லியிருப்பார். ஒன்றுக்காவது ஒட்டு இருக்க வேண்டாமா?

சாயந்திரம் மெதுவாகக் கேட்டேன்.

"யாருங்க உங்களுக்குப் பஞ்சர் ஒட்றது?"

"நாகல்கேணி முனையில, புங்க மரத்தாண்ட ஒருத்தன் கீறான். நல்ல மனுசன்மே. டீ வாங்கிக் குடுப்பான். துட்டு குடுத்தாலும் வாங்க மாட்றான்."

துட்டு வாங்காதவன் என்றதும் எனக்குச் சந்தேகம் இன்னும் உறுதியானது. சும்மா ஒருவன் டீ வாங்கிக் கொடுப்பானா? இப்படியே பழக்கி வைத்து, கடைசியில் ட்யூப் போச்சு, ரிம் போச்சு, ஃபோர்க் வளைந்துவிட்டது என்று பெரிதாகத் தலையில் கட்டுவான். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு நாகல்கேணிக்கு நடந்தே போனேன். மரத்தடியில் காற்றடிக்கிற மெஷின், பாதியாக வெட்டிய டிரம்மில் தண்ணீர், கிளையில் மாலை மாதிரி ட்யூப்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு ஆள் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அந்த முட்டி மடங்காது போலிருந்தது.

"அனகாபுத்தூர் பெரியவருக்கு பஞ்சர் ஒட்றவன் நீதானா?"

"ஆமாக்கா. நீ அண்ணன் வூட்டு அக்காவா? உக்காருக்கா, வெயில்ல வந்துகிற."

"உக்கார வரல. எத்தினி பஞ்சர் ஒட்டின அவருக்கு?"

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ட்யூபைக் கழட்டிப் பாத்துட்டேன். ஒரு புது ஒட்டு இல்ல. வால்ட்யூபைப் புடுங்கிக் காத்தை எறக்கிட்டு, பஞ்சர்னு சொல்லி வயசானவரை உக்கார வச்சிகினு கீற. உனக்குப் பொழுது போவலன்னா அவருதான் கெடைச்சாரா?"

வால்ட்யூப் என்பது காற்று ஏறுகிற வாயில் மாட்டியிருக்கும் துளியூண்டு ரப்பர்க் குழாய். அதை உருவினால் நல்ல ட்யூபும் நிமிஷத்தில் சப்பையாகிவிடும்.

பக்கத்தில் நின்றிருந்த ஆட்டோக்காரர், "மாட்னாருடா நம்ம டாக்டரு! ஆபரேசன் பண்ணாமயே தையல் போட்டாராம்" என்று சிரித்தார். இன்னும் நாலு பேர் நின்று பார்த்தார்கள். நாலு பேர் பார்ப்பது எனக்கும் வேண்டியிருந்தது.

"ரோட்ல ஆணி தெளிக்கறவனைக் கேள்விப்பட்டுகிறேன். அந்த ஆணி வாங்கவும் உனக்கு வக்கில்லியா?"

அவன் கையை அழுக்குத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"சரிக்கா. தப்புதான்" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணனை இவ்ளோ தூரம் தனியா அனுப்பாதக்கா" என்றான்.

"இன்னா, மெரட்றியா?"

"ஐயோ, இல்லக்கா."

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. இனிமேல் ஒருத்தனும் பஞ்சர் என்ற வார்த்தையையே அவரிடம் சொல்ல முடியாதபடி ஒரு டயர் வேண்டும் என்று மேற்குத் தாம்பரம் போனேன். மார்க்கெட் பக்கம் பழைய சைக்கிள் சாமான் கடை ஒன்று. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"என்ன சைஸ்னு தெரியுமாம்மா?"

"இருபத்தெட்டு, ஒண்ணரை. ரெண்டு வேணும். முள்ளு ஏறக் கூடாது, கண்ணாடி ஏறக் கூடாது. தெனம் போவ வர பதினாலு கிலோமீட்டர் ஓடணும்."

முதலில் சாதா டயரை எடுத்துப் போட்டார். நடுவில் பிடித்துப் பார்த்தேன். பட்டன் உயரமாகத் தெரிந்தது. ஆனால் பட்டனுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, தோசை மாதிரி. தள்ளி வைத்தேன். அடுத்தது தண்ணி கேன், கேஸ் சிலிண்டர் ஏற்றுகிறவர்கள் போடுவது. கனம் இருந்தது. பக்கவாட்டை மடக்கினேன், மடங்காமல் விறைத்துக்கொண்டு நின்றது. வெயிலில் காயவிட்டுப் பதம் கெட்ட தோல் இப்படித்தான் இருக்கும். நாள்பட ஓரத்தில் வெடித்துவிடும். அதையும் தள்ளினேன்.

"அப்ப இதைப் பாருங்க" என்று உள்ளேயிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதுல காத்தே கெடையாது, முழுக்க ரப்பர். ஆணிமேல ஓட்டினாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணு சொல்றேன், பள்ளத்துல எறங்கினா இடி நேரா முதுகுக்கு வரும். மிதிக்கவும் பாரம். யாரு ஓட்டறது?"

"என் வீட்டுக்காரர். எழுபத்தொண்ணு."

"அவருக்கு இது வேணாம்மா."

நாலாவதாக எடுத்தது வேறு மாதிரி. தரையில் படுகிற ரப்பருக்கும் நூல் பின்னலுக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு பட்டை வைத்து வார்த்திருந்தது. குறுக்கே வெட்டிய துண்டு ஒன்று சாம்பிளுக்கு வைத்திருந்தார். அதில் ஒரு ஆணியை வைத்துக் கட்டை விரலால் அமுக்கிக் காட்டினார். மஞ்சள் பட்டை வரை போய் ஆணி நின்றுவிட்டது. நான் அதை நம்பவில்லை. முழு டயரை வாங்கி மடியில் வைத்து ஒரு சுற்று முழுக்க விரலை ஓட்டினேன். எங்கேயும் மெலிவு இல்லை. நடுவில் தடிமன், பக்கத்தில் மெத்து. மடக்கினால் மடங்கி, விட்டால் திரும்பி வந்தது.

"இது முதல் ரகம்" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் எத்தனையோ பேருக்கு வித்திருக்கேம்மா. ஒருத்தர் இப்படிப் பார்த்து வாங்கினதில்ல. வாரம் ஒரு தடவை காத்து பாத்துக்குங்க. காத்து கம்மியா ஓட்டினா எந்த உசத்தி டயரும் ஓரத்துல கிழிஞ்சிடும். தேஞ்சி தேஞ்சி நடுவுல மஞ்சள் தெரிஞ்சா மாத்துங்க. அதுவரைக்கும் தொட வேணாம்."

இரண்டு டயரையும் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர், "இன்னாம்மா, நம்ம பஸ்ஸுக்கு ஸ்டெப்னி எடுத்தாந்துகிறியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

டயர் மாட்டியதும் அவரைக் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்தேன்.

"நல்லாக் கேட்டுக்குங்க. இது பஞ்சர் ஆவாது. வழியில எவன் கூப்பிட்டாலும் நிறுத்தாதீங்க. காத்து கம்மின்னுவான், ஆணி ஏறிச்சின்னுவான். எதையும் காதுல வாங்காதீங்க. மிதிச்சிகினே போங்க."

"நிறுத்தக் கூடாது" என்றார்.

"ஆமா."

"பஞ்சர் ஆவாது. நிறுத்தக் கூடாது."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். எனக்கு அது அப்போது சிரிப்பாக இருந்தது.

இரண்டு வாரம் ஒழுங்காக வந்தார். பெண்ணுக்குப் போன் போட்டு, "பாத்தியாடி, டயரை மாத்தினேன், எல்லாம் சரியாப் போச்சு" என்று சொன்னேன். மூன்றாவது வாரம் மறுபடி தாமதம். இந்தத் தடவை பஞ்சர் என்று சொல்ல வழியில்லை.

"ஏங்க லேட்டு?"

செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியில் நின்றார். "தெர்லமே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. நான் அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவே இல்லை. இரண்டு மணிக்கு அவர் போனுக்கு அடித்தேன். ஆணியில் மாட்டியிருந்த பழைய சட்டைப் பையிலிருந்து மணி அடித்தது. அப்பார்ட்மெண்ட் நம்பருக்கு அடித்தேன்.

"பெரியவர் இன்னைக்கு வரவே இல்லையேம்மா. லீவுன்னு நினைச்சோம்" என்றார்கள்.

காலையில் கிளம்பியவர் அங்கே போகவே இல்லை. பெண் ஓடி வந்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். சைக்கிளுக்கு ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டார்கள். பெயின்ட் உரிந்த கறுப்பு சைக்கிள் ஊர் முழுக்க இருக்கிறது. "புது டயர் சார்" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

அங்கிருந்து பெண் ஒரு பக்கம் தேடப் போனாள். நான் நாகல்கேணி முனைக்குப் போனேன். இருட்டுவதற்கு முன்னால் இருக்கும். அவன் என்னைப் பார்த்ததும் மரத்தைப் பிடித்து எழுந்துவிட்டான்.

"அண்ணன் வூட்டுக்கு வர்லியாக்கா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"காலையில ஆறு மணிக்கு இப்படிப் போனாரு. கூப்டேன். நிக்கல. சரி, வழி சரியாத்தான் போறாருன்னு விட்டுட்டேன். எட்டு மணிக்குத் திரும்பவும் இதே பக்கமா வந்தாரு. அண்ணா அண்ணான்னு கத்தினேன். 'பஞ்சர் ஆவாது, நிறுத்தக் கூடாது'ன்னு சொல்லிகினே போறாரு. ஓடினேன்க்கா. இந்த முட்டி உடல."

நான் அங்கேயே கல்மேல் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவன் முழுக்கச் சொன்னான்.

"பொங்கல் முடிஞ்சி ஒரு நாளு, ஒரே காலையில நாலு தடவை இந்த முனையைத் தாண்டினாரு. போவாரு, திரும்புவாரு. நிறுத்தி இன்னாண்ணான்னேன். வழி தெர்லன்னு சொல்ல வெக்கம் அவருக்கு. டயரைக் குனிஞ்சி பாத்து, 'காத்து கம்மியா கீதோ?'ன்னாரு. நானும் ஆமாண்ணா, உக்காருன்னேன். ஒரு டீ குடிச்சாரு. அரை மணி நேரத்துல தெளிஞ்சிடுச்சி. அவரே வழி சொல்லிகினு கெளம்பினாரு. அதுக்கப்புறம் திரும்பத் திரும்ப வந்தார்னா வால்ட்யூபை உருவிடுவேன். காத்து இல்லாத சைக்கிளை விட்டுட்டு எங்கியும் போவ மாட்டாருக்கா. தெளிஞ்சதும் அடிச்சிக் குடுப்பேன்."

"அன்னிக்கு நான் வந்து கத்தினப்போ இதை ஏன் சொல்லல?"

"வூட்ல சொல்லாதடான்னு என் கையைப் புடிச்சிகினாரு. 'அவ தொட்டுப் பாத்தா கண்டுபுடிச்சிடுவா, ரெண்டாம் ரகம்னு என்னைத் தள்ளிடுவா'ன்னாரு. சிரிச்சிகினேதான் சொன்னாரு."

ட்யூபில் ஒட்டு இல்லை என்று என் விரல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. காற்றை இறக்குகிறான் என்பதும் சரிதான். நாற்பத்தாறு வருஷம் கூட இருந்த மனுஷன் என்னிடம் ஒளித்துக்கொண்டு திரிந்தார். அதைத்தான் விரல் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் நடுப்பகலில் அப்பார்ட்மெண்ட்டிலிருந்து போன் வந்தது. செங்கல்பட்டுக்கு முன்னால், டோல்கேட் பக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாராம். சட்டைப் பையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்து அங்கே இருந்தவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். சேதி சொன்னதும் பஞ்சர் கடைக்காரன் தனக்குத் தெரிந்தவருடைய குட்டி யானை லோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். கடையைக் கட்டிவிட்டு அவனும் பின்னால் ஏறிக்கொண்டான். வண்டலூர் தாண்டியது, கூடுவாஞ்சேரி தாண்டியது, மறைமலை நகர் தாண்டியது. இவ்வளவு தூரமா, இவ்வளவு தூரமா என்று என் பெண் சொல்லிக்கொண்டே வந்தாள். லாரியும் பஸ்ஸும் சீறிக்கொண்டு போகிற ரோடு அது. அந்த ரோட்டில், எழுபத்தொரு வயதில், நிறுத்தக் கூடாது என்று நான் சொன்ன சொல்லுக்காக மிதித்திருக்கிறார்.

பாதம் வீங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. சைக்கிளை மரத்தில் சாய்த்து, சீட்டின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"டயர் பிரமாதம்மே. ஒரு எடத்துல கூட நிக்கல."

பஞ்சர் கடைக்காரன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்து, இது மறதி நோய், கூடிக்கொண்டு போகும், குறையாது என்றார். வேலை நின்றது. அவருக்குத்தான் அது தெரியவில்லை. தினமும் ஐந்தரைக்குச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். பூட்டி வைத்தேன். சாவி எங்கே என்று வீட்டைக் கலைத்துப் போட்டார். ஒரு நாள் என் கையை முறுக்கினார். ஒரு நாள் குழந்தை மாதிரி அழுதார். எங்கள் வாழ்க்கையில் அதுவரை அவர் என்மேல் கை வைத்தது கிடையாது.

பஞ்சர் கடைக்காரன் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகும்போது சொன்னான்.

"பூட்டாதக்கா. பூட்டினா யாரோ தடுக்கறாங்கன்னு கோவம் வருது. காத்து இல்லன்னா யார்மேல கோவப்படறது?"

மறுநாள் அவர் எழுவதற்கு முன்னால் எழுந்து, வால்ட்யூபை உருவினேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சைக்கிளைத் தள்ளினார், நின்றார், குனிந்து டயரைக் கட்டை விரலால் அமுக்கினார்.

"பஞ்சர்மே."

"ஆமாங்க."

"பஞ்சர் ஆவாதுன்னியே?"

"ஏமாந்துட்டேன்."

"நீயா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "நீயா ஏமாந்த? தொட்டுப் பாத்து வாங்கலியா?"

"தொட்டுதான் பாத்தேன். தப்பாப் பூட்ச்சி."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வேலைக்குப் போக வேண்டும் என்பதே மறந்துவிட்டது. பால் வாங்கிக்கொண்டு போகிறவர், தண்ணீர் பிடிக்கப் போகிற பெண்கள், எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். "கேட்டுகினியா? எங்க வூட்டு ரகக்காரி டயர் கடையில ஏமாந்து வந்துகிறா." என்னோடு தோல் கம்பெனியில் வேலை பார்த்தவள் ஒருத்தி இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவளும் நின்று கேட்டாள். "உன்னையே ஏமாத்திட்டானா?" என்றாள். "ஆமாண்டி" என்றேன். முதல் நாள் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

சாயந்திரம் அவர் உள்ளே இருக்கும்போது கைப் பம்பால் காற்றடித்து வைப்பேன். சப்பையாகவே கிடந்தால் டயர் ஓரத்தில் மடிந்து வெடித்துவிடும். விடியற்காலையில் மறுபடி இறக்குவேன். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. ஒரு நாள் தவறவில்லை. தினமும் அவருக்கு அது புது பஞ்சர். தினமும் நான் புதிதாக ஏமாந்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் காற்றை இறக்கிவிட்டு, காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். ஐந்தரை ஆனது. ஆறு ஆனது. சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேலைக்குப் போவலியா?" என்று நானே கேட்டேன்.

"எந்த வேலை?" என்றார்.

கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். சைக்கிள் கூரைக்குக் கீழே சப்பை டயரோடு நின்றது. அவர் கையை எடுத்து டயர்மேல் வைத்தேன். "பாருங்க, பஞ்சர். நல்லா ஏமாந்துட்டேங்க" என்றேன். என்னைத் திட்டட்டும், சிரிக்கட்டும், தெருவைக் கூப்பிட்டுச் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் டயரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, தெரியாத வீட்டுப் பெண்பிள்ளையிடம் பேசுகிற மரியாதையோடு இரண்டடி தள்ளி நின்றார்.

"அழாதீங்கம்மா. பஞ்சர்தானே? நாகல்கேணி முனையில ஒருத்தர் கீறாரு, ஒட்டிக் குடுப்பாரு" என்றார்.

பிறகு எனக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். சந்தை விட்டு ஏறி இடது பக்கம், பம்மல் ரோட்டைப் பிடித்து நேராக, எங்கே திரும்ப வேண்டும், எங்கே பள்ளம் இருக்கிறது, எங்கே ஓரமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார். ஒரு திருப்பம் கூடத் தப்பவில்லை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டேன்.